கன்று: ஒன்று

பசு என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்று தட்டியது நான்தான் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை, சித்தி. மேசைக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருந்தாய். இந்தப் பக்கம் மடிக்கணினியோடு நான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு முழப் பலகைதான் இருந்தது. என்னைக் கேட்கவும் கேட்டார்கள். “பார்க்கணும் சார்” என்றேன். பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பிளாஸ்டிக் துண்டு. போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வீட்டில் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து வீட்டு வரி ரசீதைத் தேடிக்கொண்டிருந்தேன். காகிதங்களுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. மாட்டின் காதில் எண் போட்டு மாட்டிவிடுகிறார்களே, அந்த வில்லை. அதன் காம்பில் கத்தி பட்ட தடம் இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று செவலை மயிர்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. காதில் அதை மாட்டிய அன்று நீ எனக்கு அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

அந்தப் படத்தோடு நீ ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தாய். “பாரு பாப்பா, எனக்கு இல்லாத கம்மலு இதுக்குப் போட்டு வுட்டிருக்குது கவர்மெண்ட்டு. கழுதை, தலைய ஆட்டி ஆட்டிக் காட்டுது பாரு!” பின்னால் மாடு கத்துவதும் நீ சிரிப்பதும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேட்கக் கை போயிற்று. கேட்கவில்லை.

அந்த மாடு யாருடையது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் உன்னைத்தான் காட்டுவார்கள். காகிதத்தைக் கேட்டால் அப்பாவைக் காட்டும். பால் மறந்த கிடேரிக் கன்றாக அப்பா அதை உன்னிடம் வாரத்துக்கு விட்டார். வளர்ப்பது நீ. ஈன்ற பிறகு பால் உனக்கு. முதல் கன்று உனக்கு. அதன் பிறகு தாய் மாடு அப்பாவிடம் திரும்பிவிட வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத உனக்கு, உன் பேரில் ஒரு மாடு வருவதற்கு இருந்த ஒரே வழி அந்த முதல் கன்றுதான். மூன்று வருஷம் அடுத்தவர்கள் கரும்புத் தோட்டத்தில் சோகைத் தழை உரித்துக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து அதற்குப் போட்டாய்.

எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் நீ. ரேஷன் கடைக்கு என்னைக் கூட்டிப்போனால், “தராசப் பார்க்காதடி, அவன் கட்டை வெரலப் பாரு” என்பாய். பஸ்ஸில் சில்லறையை இரண்டு முறை எண்ணுவாய். அம்மா மட்டும் அன்றைக்கே சொன்னாள், வாரப் பேச்சை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள் என்று. நீ சிரித்தாய்.

“மாமா கிட்டப் போய் எழுதி வாங்கிக்கினா, அப்புறம் உன் மூஞ்சில நான் எப்பிடிக்கா முழிக்கறது?”

வில்லை மாட்ட வந்தவர்கள் உரிமையாளர் பேரைக் கேட்டபோதும் நீதான் சொல்லியிருக்கிறாய், மாடு மாமாவுது, அவரு பேருலயே போடுங்க என்று. உன் பேரைச் சொல்லியிருந்தால் அவர்கள் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். உனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் புயலோடு வந்த மழையில் ஆறு கரையை மீறியது. நீ பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்காவின் மாடியில் இருந்தாய். தண்ணீர் வடிந்த பிறகுதான் உன் போனுக்கு லைன் கிடைத்தது. “கட்டுத்தறியில வுட்டா முழுகிடுமேன்னு அவுத்து வுட்டேன் பாப்பா. அவுத்து வுட்டதாலதான் போயிடுச்சா?” இதையே திரும்பத் திரும்பக் கேட்டாய். கரும்புத் தோட்டத்து வேலியில் மாட்டின் உடலைக் கண்டெடுத்தீர்கள். அப்பா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பைக்கில் போனார். மாலையே திரும்பிவிட்டார்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த கால்நடைகளுக்கு நிவாரணம் என்று அரசு அறிவித்ததும் மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றோடும் செத்த மாட்டின் பக்கத்தில் உரிமையாளர் நிற்கும் ஒரு புகைப்படம் இருக்க வேண்டும். அதையெல்லாம் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. முதல் இரண்டு நாள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் முடிந்தது. அதற்குள் அவை எனக்குச் செத்த மாடுகளாக இல்லாமல், உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டிய படங்களாகிவிட்டன.

“மேடம், இங்க வாங்களேன்” என்பாள் பக்கத்து இருக்கை கலைவாணி. “இந்தக் காள நேத்து ஒரு ஊர்ல செத்துச்சு. இன்னிக்கி வேற ஊர்ல செத்துக் கிடக்குது. செத்தப்புறமும் டூர் போவுது பாருங்க.”

சிரிப்போம். சிரிக்கச் சிரிக்கக் கண் கூர்மையாகிவிடும். மனுப் போட்டவர்களை நாங்கள் சந்தேகப்பட்டோம். பேரை நாங்கள் வேண்டுமென்றே விடுகிறோம் என்று ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். எங்களுக்குள் யாருக்காவது வெளியிலிருந்து கவனிப்பு வருகிறதா என்று மேலே இருப்பவர்கள் சந்தேகப்பட்டார்கள். மனுவில் கடைசியாக ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஏதாவது இடறினால் அதில் ‘சந்தேகம்’ என்று தட்டச் சொல்லியிருந்தார்கள். தட்டினால் அந்த மனு தனி விசாரணைக்குப் போகும். என் விரல்கள் அந்தச் சொல்லைப் பார்க்காமலே தட்டப் பழகியிருந்தன.

அப்பாவின் மனு முதலில் வந்தது. சேற்றோடு கிடக்கும் செவலை மாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வளைந்த இடது கொம்பு. காதில் மஞ்சள் வில்லை பளிச்சென்று தெரிந்தது; அதிலுள்ள எண் யார் பேரில் பதிவோ, அவரே உரிமையாளர். கால்நடை மருத்துவர் சான்று இருந்தது. அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். ஏற்றிவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து உன் மனு வந்தது. அதே சுட்டி, அதே கொம்பு. உன் படத்தில் மாடு குளிப்பாட்டப்பட்டு, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கிடந்தது. கொம்பில் பூவும் வளையலும். காதில் வில்லை இல்லை. அது இருக்க வேண்டிய இடம் கிழிந்திருந்தது. மனுவில் கன்று என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதியிருந்தாய். படத்தில் கன்று எங்கும் இல்லை.

அப்போது என் மனதில் ஓடியதை அப்படியே எழுதிவிடுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க மஞ்சள் பூசியிருக்கிறாய் என்று நினைத்தேன். வில்லையை நீயே அறுத்துவிட்டாய் என்று நினைத்தேன். இல்லாத கன்றுக்கும் சேர்த்துக் கேட்கிறாய் என்று நினைத்தேன். என் சித்தியா இப்படி என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தில், கண்டுபிடித்துவிட்ட திருப்தியும் இருந்தது. பசு என்ற கட்டத்தில் நீ எண் எதுவும் போடவில்லை. படத்தில்தான் பசு இருக்கிறதே, எழுத விட்டுவிட்டாய் என்று நானே ‘1’ என்று நிரப்பினேன். பிறகு குறிப்புக் கட்டத்துக்குப் போய் அந்தச் சொல்லைத் தட்டினேன்.

விசாரணை நாளில் தாலுகா அலுவலக வராண்டாவில் மேசை போட்டிருந்தார்கள்; கணினிப் பட்டியலைத் திறந்து காட்ட என்னை அனுப்பியிருந்தார்கள். வருவாய் ஆய்வாளர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தார். நல்ல மனிதர்தான். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. உன் முறை வந்தது. நீ என்னைப் பார்த்தாய். அடுத்த நொடியே, முன்பின் அறியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதுவும் எனக்குத் தந்திரமாகவே பட்டது.

“இன்னாம்மா, இந்த மாடு யாருது?”

“நான் வளத்ததுங்க.”

“வளத்தத நான் கேக்கல. யாருது?”

“எங்க மாமாவுதுங்க. வாரத்துக்கு வளத்தேன்.”

“அதான் உங்க மாமா மனுப் போட்டுட்டாரே. ஒரு மாட்டுக்கு ரெண்டு பேரு எப்பிடி வாங்குவீங்க? குடும்பமே சேர்ந்து கெளம்பிட்டீங்களா?”

“மாட்டுக்கு அவரு போட்டாரு சார். நான் கன்னுக்குட்டிக்குத்தான் போட்டேன்.”

ஆய்வாளர் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கன்னுக்குட்டி எங்கம்மா இதுல?”

“உள்ள இருக்குதுங்க.”

வராண்டா முழுக்கச் சிரிப்பு. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “அப்ப என் கோழி வயித்துல இருந்த முட்டைக்கும் எழுதிக்குங்க சார்” என்றார். ஆய்வாளரும் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. படத்தை எட்டி விரலால் தொட்டுக் காட்டினாய். அப்போதுதான் கவனித்தேன். படத்தில் எல்லாரும் மாட்டின் தலைப்பக்கம் நிற்பார்கள். நீ உட்கார்ந்து அதன் வயிற்றில் கை வைத்திருந்தாய்.

“எட்டு மாசச் சினை சார். முத கன்னு எனக்குன்னுதான் பேச்சு. அத மட்டும்தான் கேக்கறேன். மாட்டுக் காசு எனக்கு வேணாம்.”

“வேணாங்கறவ பசு ஒண்ணுன்னு இன்னாத்துக்குப் போட்ட?”

“நான் போடலையே. அந்தக் கட்டத்துல கோடுதான் கிழிச்சேன்.”

“லிஸ்ட்ல ஒண்ணுன்னு இருக்குதே.” என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மனுவுல இன்னா இருந்துச்சு?”

நீயும் என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை. பதில் தெரிந்த கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பது போல நின்றாய்.

“பார்க்கணும் சார்” என்றேன்.

மனுக்கட்டு உள் அறையில் இருந்தது. எழுந்து போய் எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். “சரி வுடும்மா, இன்னும் நாப்பது பேரு நிக்கறாங்க” என்று அவர் பேனாவை எடுத்தார். வேறு ஊழியர் ஒருவர் அதை உரக்கப் படித்தார்: இரட்டைப் பதிவு, நிராகரிக்கப்பட்டது. உன் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்த வரிசையில் நின்றிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்குப் பணம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பிறக்காத கன்றுக்கு அந்த மனுவில் இடமில்லை. ஆனால் கேட்கக் கூடாததைக் கேட்ட வெகுளி என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மாமனுடைய மாட்டுக்கே திருட்டு மனுப் போட்டவள் என்ற பேர் வந்திருக்காது.

படியிறங்கும் முன் என் மேசையருகே ஒரு கணம் நின்றாய். “என் பேர மட்டும் எழுத்துப் பெசகாம அடிச்சிருக்கீங்க மேடம். சந்தோஷம்.”

உன் வாயிலிருந்து ‘மேடம்’ கேட்டது அந்த ஒரு முறைதான். சொந்தக்காரி என்று தெரிந்தால் என் வேலைக்கு வம்பு வரும் என்றுதான் நீ தெரியாதவளாக நின்றாய் என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் உனக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து யோசித்தே ஒரு மாதம் போயிற்று.

வீட்டில் அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். “என் மாட்டுக்கே மனுப் போட்டிருக்கா! நேரா வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?”

“கேட்டா குடுத்திருப்பீங்களாப்பா?” என்றேன்.

“செத்த மாட்டுக்கு ஏது வாரம்?” என்றார். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார். அப்போதே எனக்கு அவர் மீது ஏதோ இடறியது. அந்த இடறலுக்கு நான் எந்தக் கட்டத்திலும் எதையும் தட்டவில்லை.

நீ எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாய். குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் துணி துவைக்கப் போவதாக அம்மா சொன்னாள். அங்கேயே ஓர் அறையில் நான்கு பெண்களோடு தங்கியிருந்தாய். ஒரு முறை உன்னைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் வந்தேன். விடுதி வாசலில் காயப்போட்ட வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நீ குனிந்து நிமிர்வது தெரிந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த ஆவணியில் உனக்குக் காமாலை வந்தது. முற்றிய பிறகே சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன்னைத் துணியால் மூடியிருந்தார்கள்.

காரியத்தன்று ஆரோக்கியமேரி அக்கா என்னைத் தனியே அழைத்தார். உன் மனுவில் இருந்த படத்தை எடுத்தது அவர்தானாம். “உங்கப்பா வந்துட்டுப் போனப்ப இவ ஸ்கூல்ல நிவாரண அரிசி வாங்க நின்னுக்கினு இருந்தா. வந்து பார்த்தா மாட்டுக் காது கிழிஞ்சு கிடக்குது. கொடங்கொடமா தண்ணி கொண்ணாந்து ஊத்திக் கழுவினா. சினையா செத்தத சும்மா பொதைக்கக் கூடாதுக்கா, பொம்பளைக்குச் செய்யற மாதிரி செய்யணும்னு சொல்லி மஞ்சப் பூசினா. என் வளையலக் கழட்டி வாங்கி அந்தக் கொம்புல மாட்டினா. நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? கேட்டா, குடுத்தேன்.”

வாய்க்கால் கரையில் புதைத்த இடத்தையும் காட்டினார். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்கு வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள், போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்று. நீ உன் மாட்டுக்கு ஒன்று வைத்திருந்தாய். நான்கு செங்கல், மேலே உடைந்த துவைகல் ஒன்று. முழங்கால் உயரம்கூட இல்லை. யாரும் அதில் எதையும் இறக்கி வைக்க முடியாது.

அன்றைக்கும் காது கிழிந்ததைப் பற்றி ஆரோக்கியமேரி அக்கா சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. வெள்ளத்தில் வேலிமுள் கிழித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வரை அது போதுமானதாகவும் இருந்தது.

வில்லையை எடுத்துப்போய் அப்பா முன் வைத்தேன். அவர் தினசரியைத் தாழ்த்திப் பார்த்தார்.

“இது எதுக்குப்பா அறுத்தீங்க?”

“இன்சூரன்சுக்குக் கேப்பாங்கன்னு அறுத்தேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. “அந்த மாட்டுக்கு எந்தக் காலத்துல இன்சூரன்ஸ் கட்டினீங்க?”

அவர் தினசரியை மறுபடி உயர்த்திக்கொண்டார். சித்தி மாட்டுக்கு மனுப் போடவில்லை, கன்றுக்குத்தான் போட்டாள், பசு ஒன்று என்று தட்டியது நான் என்று அந்தத் தினசரியைப் பார்த்துச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். தினசரியை இறக்காமலே அப்பா, “இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது” என்றார். அம்மா என்னைத்தான் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் தாலுகா அலுவலகத்துக்குப் போய், தெரிந்த ஊழியரிடம் பழைய மனுக்கட்டுகள் இருக்கும் அறையின் சாவியை வாங்கி உன் மனுவைத் தேடி எடுத்தேன். பசு என்ற கட்டத்தில் அளவுகோல் வைத்தது போல நேராக ஒரு கோடு. அதற்கு மேலே, எட்டாம் வகுப்பில் நிறுத்திய உன் குண்டுக் கையெழுத்தில், சின்னதாக ‘மாமாவுடையது’ என்று எழுதியிருந்தாய். அன்று நான் அதைப் படித்தேனா என்று எனக்கு நினைவில்லை. படித்திருப்பேன் என்றுதான் சந்தேகப்படுகிறேன். திருத்த முடியுமா என்று கேட்டேன். பட்டியல் மூடியாகிவிட்டது என்றார்கள்.

வில்லை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பேருந்தில் சில்லறைக்குத் துழாவும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. அந்த மயிர்களை நான் எடுக்கவில்லை.

நிவாரணப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அப்பா அடுத்த தையில் ஒரு கிடேரி வாங்கினார். பிரம்மதேசம் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு அதை வாரத்துக்கு விட்டார். உன்னோடு பேசிய அதே பேச்சுதான். போன மாதம் அது ஈன்றது. பேச்சுப்படியே முதல் கன்றை அந்த வீட்டுக்காரர்களுக்கே விட்டுவிட்டு வந்தார்.